எமன் பேர் வைத்த செடி

சென்னையில் வாடகைக்கு வீடு காட்டும் புரோக்கர்களுக்கென்று தனி அகராதி ஒன்று இருக்கிறது. ‘நல்ல காத்தோட்டம் ஸார்’ என்றால் ஜன்னல் கதவு சரியாகச் சாத்தாது. ‘பஸ் ஸ்டாப் வாசல்லயே’ என்றால் டி.வி.யில் யார் என்ன பேசுகிறார்கள் என்பதை உதட்டசைவை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ‘வெயிலே தெரியாது ஸார், ஏ.சி.யே வேணாம்’ என்றால் முடிந்தது கதை. அந்த வீட்டில் பகல் பன்னிரண்டு மணிக்கும் டியூப் லைட் போட்டால்தான் தோசை எது, தட்டு எது என்று தெரியும்.

இந்தக் கடைசி ரக வீட்டில் குடியிருக்கும் புண்ணியவான்களுக்காக இந்த வாரம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து லாட்ஜின் ஜன்னல் தெரிகிற திருவல்லிக்கேணி மேன்ஷன்வாசிகளும் சேர்த்தி. அறையில் பச்சையாக எதையாவது வளர்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருப்பீர்கள். துளசி வைத்திருப்பீர்கள், அது இரண்டே வாரத்தில் கஷாயத்துக்குக்கூட ஆகாமல் போயிருக்கும். ரோஜா வைத்திருப்பீர்கள், முள் மட்டும் மிஞ்சியிருக்கும். கடைசியில் பிளாஸ்டிக் செடி வாங்கி, அதன் மேல் படிகிற தூசைத் துடைக்க ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்துக் கொண்டிருப்பீர்கள்.

வேறொரு வழி இருக்கிறது. செடியைத் தண்ணீருக்குள் வையுங்கள்.

‘வெளியே வைத்தே பிழைக்காதது, உள்ளே வைத்தால் அழுகாதா?’ என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டிலும் இதே கேள்வி வந்தது. கேட்டது என் அப்பா. அவருக்கு வேளாண்மைத் துறை பதில் சொன்னால்கூட ஆதாரம் கேட்பார். முப்பத்து நாலு வருஷம் கூட்டுறவு வங்கியில் கேஷியராக இருந்த மனுஷர். நூறு ரூபாய் நோட்டையே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் நம்புவார்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் தொட்டி எதற்கு வந்தது என்பது புரியாது.

கும்பகோணத்தில் சொந்த வீடு. கொல்லையில் நந்தியாவட்டை, பவழமல்லி, வாழை, கிணற்றடியில் சேம்பு. 2022-ல் அம்மா போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷம் அப்பாவை இங்கே அழைத்து வந்தோம். எங்கள் ஃபிளாட் தரைத் தளம். பால்கனி கிடையாது. ஹால் ஜன்னலுக்கும் பக்கத்து பில்டிங் சுவருக்கும் நடுவே ஒரு பூனை போகும் இடம்தான், அதுவும் மெலிந்த பூனை. ஊரிலிருந்து நாலு தொட்டிச் செடி கூடவே வந்தது. நாலும் ஒவ்வொன்றாக அஸ்தமித்தது. நாலாவது போன அன்றைக்கு அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, “நான் ஊருக்கே போயிடறேன்டா” என்றார்.

“தனியா என்ன பண்ணுவீங்க?” என்றேன்.

“இங்க மட்டும் என்ன பண்றேன்?”

இந்தக் கேள்விக்கு பி.காமில் பதில் கிடையாது.

அவருக்கு எழுபத்தி மூன்று வயது. சர்க்கரை உண்டு, பிரஷர் உண்டு, ‘எனக்கு ஒண்ணும் இல்லை’ என்கிற பிடிவாதமும் உண்டு. தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. அங்கே தனியாக அனுப்பிவிட்டு இங்கே ராத்திரி போன் மணி அடிக்கும்போதெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். என் மனைவிதான் யோசனை சொன்னாள். “என்னங்க, மாமாவுக்குச் செடி வேணும், நம்ம வீட்ல வெயில் இல்ல. வெயில் வேணாத செடி ஏதாவது உலகத்துல இருக்கான்னு பாருங்களேன். ஊருக்கெல்லாம் எழுதறீங்க.”

இருக்கிறது. மழைக்காட்டுக்குள் ஓடுகிற ஓடைகளில் இருக்கிறது. மேலே மரங்கள் கூரை போட்டிருக்க, அதைத் தாண்டி ஓட்டை வழியாகக் கசிகிற வெளிச்சத்தில், அதுவும் தண்ணீர் வடிகட்டிய மிச்சத்தில், பாறையைக் கட்டிக்கொண்டு வாழ்கிற செடிகள். அவற்றுக்கு எங்கள் ஹால் ஒன்றும் புதிதில்லை.

இதை அப்பாவுக்குப் புரிய வைக்க எனக்கு உதவியது தாவரவியல் அல்ல, காஸ்ட் அக்கவுண்டிங். ஒரு செடி வெளிச்சம் இருக்கும்போது சர்க்கரை தயாரிக்கிறது. அது வரவு. இருபத்து நாலு மணி நேரமும் சுவாசிக்கிறது. அது செலவு. வெளிச்சத்தைக் குறைத்துக் கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் வரவும் செலவும் சரியாகிவிடும். விஞ்ஞானிகள் இதை ‘ஈடுசெய் புள்ளி’ என்கிறார்கள். நம்ம பாஷையில் பிரேக் ஈவன் பாயின்ட். அதற்குக் கீழே போனால் செடி முதலைத் தின்ன ஆரம்பிக்கும். பழைய இலை மஞ்சளாகும், பிறகு உதிரும், பிறகு மஞ்சள் நோட்டீஸ்தான். ராத்திரிச் செலவையும் பகல் வரவிலிருந்தே கட்ட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

ரோஜா என்பது தி.நகரில் மெயின் ரோட்டில் நாலு மாடி ஷோரூம் மாதிரி. வாடகை, ஏ.சி., முப்பது சேல்ஸ்மேன். வியாபாரம் கொட்டினால்தான் கட்டுப்படி. நிழல் செடி என்பது தெருமுனைப் பெட்டிக்கடை. ஒரு பல்பு, ஒரு ஸ்டூல், ஒரு ஆள். நாளைக்கு நாலு கஸ்டமர் வந்தால் போதும், கடை மூடாது. சுவாசச் செலவு அவ்வளவு குறைச்சல். லாபமும் குறைச்சல்தான், அதனால் வளர்ச்சி ஆமை வேகம். பெட்டிக்கடைக்காரர் மாசத்துக்கு ஒரு பிராஞ்ச் திறக்கவா முடியும்?

அப்பா ‘ம்’ என்றார். அவர் ‘ம்’ என்றால் வவுச்சர் பாஸ் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

தண்ணீருக்குள் இருக்கிற செடி சுவாசிப்பதை, சமைப்பதை எல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதே ஒரு சுவாரசியமான கதை. யான் இங்கன்ஹவுஸ் என்று ஒரு டச்சு டாக்டர். 1768-ல் வியன்னாவுக்குப் போய் ஆஸ்திரிய ராஜ குடும்பத்துக்கே அம்மைக்குத் தடுப்புக் குத்தியவர். அரண்மனை மரியாதை, கைநிறையப் பணம். நாமாக இருந்தால் ஈஸிசேர் வாங்கியிருப்போம். அவர் இலையைப் பறித்துத் தண்ணீருக்குள் போட்டு உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருந்தார். வெயிலில் வைத்தால் இலையிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. இருட்டில் வைத்தால் நின்று போனது. 1779-ல் இதைப் புத்தகமாகப் போட்டார். செடி நல்ல காற்றைக் கொடுக்க வெளிச்சம் வேண்டும் என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான்.

நாமும் பள்ளிக்கூடத்தில் இதையே செய்தோம், ஞாபகம் இருக்கிறதா? பீக்கருக்குள் ஹைட்ரில்லா, அதன் மேல் கவிழ்த்த புனல், புனல் மேல் சோதனைக் குழாய். குழாயில் குமிழி சேர்வதற்குள் பீரியட் முடிந்து பெல் அடித்துவிடும். ஆக்ஸிஜன் வந்ததாக ரெக்கார்டு நோட்டில் எல்லோரும் எழுதினோம், பார்த்தவர் யாருமில்லை.

அந்த ஹைட்ரில்லா லேசுப்பட்ட ஆசாமி இல்லை. நம் ஊர்க் குளத்தில் காலைச் சுற்றுகிற அதே பாசிதான். 1950-களில் இலங்கையிலிருந்து மீன் தொட்டிக்காக அமெரிக்காவில் ஃப்ளோரிடாவுக்குப் போனது. அங்கே வாய்க்காலுக்குள் இறங்கியது. அவ்வளவுதான், ஏரிகளையெல்லாம் பட்டா போட்டுக் கொண்டது. இன்றுவரை அதைப் பிடுங்குவதற்குக் கோடிக்கணக்கில் செலவழிக்கிறார்கள். காரணம் என்ன தெரியுமா? முழு வெயிலில் நூற்றில் ஒரு பங்கு கிடைத்தாலே அது பிழைத்துக்கொள்ளும். விடிகாலையில் மற்ற செடிகள் சோம்பல் முறிக்கும் நேரத்தில் இது கல்லாவைத் திறந்து உட்கார்ந்துவிடும். ஆகவே ஒரு வேண்டுகோள்: தொட்டியில் மிஞ்சிய செடி எதையும் ஏரியிலோ ஆற்றிலோ கொண்டுபோய்ப் போடாதீர்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை நம் ஏரிகளில் செய்கிற அட்டகாசம் ஒன்று போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு கொளத்தூர் போனேன். வளர்ப்பு மீனுக்குப் பேர் போன இடம் அது. தெருத்தெருவாகக் கண்ணாடித் தொட்டி. கவரில் கட்டித் தொங்கவிட்ட மீன். பெங்களூரிலிருந்தெல்லாம் ஆள் வருகிறார்கள். ஒரு கடையில் செடி கேட்டோம். கடைப் பையன் ஆர்வமாக ஒரு கட்டு மூங்கில் மாதிரி குச்சியை எடுத்துக் காட்டினான். “இது போடுங்க ஐயா, அதிர்ஷ்டச் செடி. தண்ணிலயே இருக்கும்.”

அப்பா அதை வாங்கி முறித்துப் பார்க்காத குறையாகத் திருப்பிப் பார்த்தார். “தம்பி, இது தண்ணிச் செடி இல்லப்பா. தண்டைப் பாரு, எவ்வளவு விறைப்பு. தண்ணிக்குள்ள பொறந்தது எதுக்கு விறைப்பா நிக்கணும்? தண்ணிதான் தாங்கிக்குதே.”

எழுபத்து மூன்று வயதில் முதல் தடவை மீன் கடைக்குள் நுழைந்தவர் சொன்ன பாயின்ட், நூற்றுக்கு நூறு சரி. ‘லக்கி பாம்பு’ என்று விற்கப்படுவது மூங்கிலே இல்லை, டிரசீனா என்கிற நிலத்துச் செடி. வேரை மட்டும் தண்ணீரில் வைத்து, தலை வெளியே இருந்தால் வாழும். முழுசாக முக்கினால் சில மாதம் தம் கட்டிவிட்டுச் செத்துப் போகும். இதுபோல் நிலத்துச் செடிகளைத் தண்ணீர்ச் செடி என்று விற்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. வாங்குமுன் அப்பாவின் டெஸ்டைச் செய்து பாருங்கள். தண்ணீரிலிருந்து தூக்கினால் ஈரத் துணி மாதிரித் துவளுகிறதா? பெரும்பாலும் அசல் சரக்கு. விறைத்து நிற்கிறதா? பேர் கேளுங்கள்.

இந்த டெஸ்டுக்கு விதிவிலக்கு ஒன்று உண்டு, அதைத்தான் நாங்கள் முதலில் வாங்கினோம். அனுபியாஸ். இலை தோல் செருப்பு மாதிரி கெட்டி. ஊர் மேற்கு ஆப்பிரிக்கா, ஓடைக்கரை. பாதி நாள் தண்ணீருக்கு வெளியே, பாதி நாள் உள்ளே என்று இரண்டு வீட்டுக்காரன். எகிப்துக்காரர்களின் அனுபிஸ் என்ற தெய்வத்தின் பேரை இதற்கு வைத்திருக்கிறார்கள். நரித் தலையோடு, செத்தவர்களை மேலுலகத்துக்கு அழைத்துப் போகிற தெய்வம். சுருக்கமாக, எமன் டிபார்ட்மென்ட். இருட்டில் வளர்வதால் அந்தப் பேராம். எமன் பேர் வைத்த இந்தச் செடிதான் தொட்டிச் செடிகளிலேயே கடைசியில் சாகிறது!

அதைக் கொல்ல ஒரே வழி, மரியாதையாக மண்ணில் நடுவது. இலைக்கும் வேருக்கும் நடுவே சுண்டுவிரல் மாதிரி ஒரு தடித்த தண்டு படுத்திருக்கும். அதை மணலுக்குள் புதைத்தால் அழுகிவிடும். ஒரு கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டிவிட வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டு ஒட்டலாம். விரலும் சேர்ந்து ஒட்டிக்கொண்டால் நான் பொறுப்பில்லை. மூன்று நாலு வாரத்துக்கு ஓர் இலை விடும். அதற்கு மேல் எதிர்பார்த்தால் கொடுக்காது, சம்பள உயர்வு மாதிரி.

அடுத்தது ஜாவா ஃபெர்ன். இதுவும் கட்டி வைக்கிற ஜாதிதான். இலைக்குப் பின்னால் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி வரும். வியாதி என்று பயந்து பல பேர் அந்த இலையை வெட்டிவிடுகிறார்கள். அடப்பாவிகளா, அதுதான் சந்ததி! இலையின் மேலேயே குட்டிச் செடி முளைத்து, வேர் விட்டு, பிறகு கழன்று தனிக்குடித்தனம் போகும். மூன்றாவது ஜாவா மாஸ். ஒரு கைப்பிடி வாங்கிக் கல்லில் சுற்றி வையுங்கள், அவ்வளவுதான் அதற்குச் செய்ய வேண்டிய சேவை. மீன் குட்டி போட்டால் ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை.

நாலாவதுதான் கதாநாயகன். கிரிப்டோகோரைன். பேரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கடையில் ‘கிரிப்ட்’ என்றாலே கொடுப்பார்கள். இதில் பல வகை இலங்கைக் காட்டு ஓடைகளைச் சேர்ந்தவை. நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் இதன் பங்காளிகள் உண்டு. அப்பா இலையைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது சேம்பு வகையறாடா” என்றார். வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன். அனுபியாஸ், கிரிப்ட், சேப்பங்கிழங்கு, மணி பிளான்ட் எல்லாமே ஒரே குடும்பம்! கிணற்றடிச் சேம்பின் சொந்தக்காரனை மனுஷர் தொட்டே கண்டுபிடித்துவிட்டார்.

கிரிப்ட் வேர் விடும் செடி. அதற்கு மட்டும் அடியில் தீனி வேண்டும். “மண்ணு போடலாமா?” என்றார் அப்பா. போடலாம். டயானா வால்ஸ்டாட் என்கிற அமெரிக்கப் பெண்மணி 1999-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார், சாதாரண மண்ணை ஓர் அங்குலம் பரப்பி அதன் மேல் ஓர் அங்குலம் மணலை மூடி வளர்க்கலாம் என்று. “அப்ப கொஞ்சம் மாட்டு எரு...” என்று ஆரம்பித்தார். “மாமா!” என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது. எரு ஐடியா அத்தோடு வாபஸ். நல்லதாகப் போயிற்று. பச்சை எரு தண்ணீரில் அம்மோனியாவைக் கக்கும், மீன் தாங்காது.

தொட்டி இரண்டடிக்கு ஓரடி, ஓரடி உயரம். கணக்குப் போட்டால் ஐம்பத்தாறு லிட்டர் சொச்சம். தண்ணீர் எடை மட்டும் ஐம்பத்தாறு கிலோ. கல், கண்ணாடி எல்லாம் தனி. டீப்பாய் மேல் வைத்து டீப்பாயை இழந்த நண்பர் ஒருவரை எனக்குத் தெரியும். உயரம் குறைந்த தொட்டியாக வாங்குவது இந்த விஷயத்தில் முக்கியம். விளக்கிலிருந்து அடித்தரை எவ்வளவு தூரமோ அவ்வளவுக்கு வெளிச்சம் தேய்ந்து போகும்.

விளக்குக்கு வருவோம். இரண்டடித் தொட்டிக்குப் பத்து வாட் எல்.ஈ.டி. ஒன்று போதும், 6500 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் வெள்ளை வெளிச்சம். லூமன் கணக்கு நம் கண்ணுக்காகப் போட்டது. நம் கண் பச்சையை மிகுதியாகப் பார்க்கும். செடியின் பச்சையமோ சிவப்பையும் நீலத்தையும் விரும்பிச் சாப்பிடும்.  ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், மிஞ்சினால் எட்டு. பிளக்கில் செருகுகிற டைமர் கிடைக்கிறது. ஆபீஸ் போகிறவர்களுக்கு அது தெய்வம். சாயங்காலம் நாலு முதல் பத்து வரை எரிகிற மாதிரி வைத்தால், நீங்கள் வீட்டில் இருக்கும்போது தொட்டியும் விழித்திருக்கும்.

‘செடி பாவம், இன்னும் ரெண்டு மணி நேரம் எரியட்டுமே’ என்று கருணை வந்தால்தான் ஆபத்து. கல்யாணப் பந்தியில் சாம்பார் தீர்ந்துவிட்டால் சாதத்தை மலை மாதிரிக் குவித்து என்ன பிரயோஜனம்? செடிக்கு வெளிச்சம் சாதம் என்றால் கார்பன் டை ஆக்சைடு சாம்பார். காற்றில் ஓடுவதைவிடத் தண்ணீருக்குள் அந்த வாயு சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் நகரும். மங்கலான வெளிச்சத்தில் மீன் விடுகிற மூச்சே செடிக்குப் போதும். வெளிச்சத்தை ஏற்றினால் சாம்பார் தட்டுப்பாடு, செடி கையைக் கழுவிவிட்டு எழுந்துவிடும். மிஞ்சிய சாதத்தைச் சாப்பிடப் பாசி வந்து உட்காரும். கண்ணாடியெல்லாம் பச்சை வார்னிஷ்.

படங்களில் பார்க்கிறோமே, புல்வெளியும் சிவப்புச் செடியும் மலைக்கல்லுமாக. ஜப்பானில் தகாஷி அமானோ என்பவர் ஆரம்பித்து வைத்த பாணி அது. முன்னாள் சைக்கிள் பந்தய வீரர், 2015-ல் காலமானார். அந்தத் தொட்டிகளுக்குப் பளீர் விளக்கோடு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் உண்டு. என் நண்பன் ஒருவன் அப்படி வைத்திருக்கிறான். அழகுதான். ஆனால் கியாஸ் தீர்ந்துவிடும் என்று சொந்த மச்சினன் கல்யாணத்துக்கே காலையில் போய் மதியம் திரும்பியவன் அவன். நமக்குக் கட்டுப்படியாகாது. அதேபோல் வெளிச்சம் இல்லை என்று தொட்டியை ஜன்னல் வெயிலில் கொண்டுபோய் வைப்பதும் வேண்டாம். பாசிக்குப் பாசி, சென்னை வெயிலுக்கு மீன் குழம்பே தயாராகிவிடும்.

மெட்ரோ தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு, கடையில் விற்கும் குளோரின் முறிக்கும் மருந்தையும் இரண்டு சொட்டு விட்டு ஊற்றினோம். இரண்டு வாரம் செடி மட்டும். பிறகு எட்டு கப்பி. மீனின் கழிவிலிருந்து வருகிற அம்மோனியாதான் செடிக்கு உரம். கல்லோடு இலவச இணைப்பாக நாலு நத்தையும் வந்திருந்தது. மனைவி முகம் சுளித்தாள். 1850-ல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற கெமிஸ்ட், இரண்டு தங்க மீன், கொஞ்சம் வாலிஸ்னேரியா, சில நத்தைகள் வைத்து, மாசக் கணக்கில் தண்ணீர் மாற்றாமலே தொட்டியை நடத்திக் காட்டியதைச் சொன்னேன். செடி மீனுக்கு மூச்சுக் கொடுக்க, மீன் செடிக்கு உரம் கொடுக்க, அழுகிய இலையை நத்தை தின்ன... சரியாக டேலி ஆகிற டிரையல் பேலன்ஸ். “அப்ப நீங்களும் தண்ணி மாத்தப் போறதில்ல, அதானே?” என்றாள். வாரத்துக்குக் கால் பங்கு மாற்ற ஒப்புக்கொண்டேன்.

பத்தாவது நாள் விபரீதம்.

அப்பா காலையில் தொட்டி முன்னால் நின்று கொண்டிருந்தார். கிரிப்ட் இலைகள் அத்தனையும் கண்ணாடி மாதிரியாகி, கூழாகி, மணல் மேல் படுத்துக் கிடந்தன. முந்தின நாள் வரை ஜம்மென்று நின்ற செடி.

“இதுவும் போச்சு” என்றார். கோபம்கூட இல்லை குரலில். அன்று மத்தியானம் ஆபீஸுக்கு மனைவி போன் பண்ணினாள். “மாமா டிக்கெட் புக் பண்ணச் சொல்றாரு. வர்ற புதன்கிழமைக்கு.”

இது கிரிப்டின் குணம். இடம் மாற்றினால், தண்ணீர் மாறினால், வெளிச்சம் மாறினால், இருக்கிற இலையை எல்லாம் உதறிவிடும். கடையில் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே வளர்த்து விற்கிற செடி. அந்த இலை காற்றுக்கென்று செய்தது, தண்ணீருக்குள் உதவாது. வேர் சாவதில்லை. புதுத் தண்ணீருக்கு ஏற்ற மாதிரி வேறு இலை செய்துகொள்ளும். அழுகியதை மட்டும் எடுத்துவிட்டு, வேரைத் தொடாமல் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுப் பிடுங்கி எறிபவர்கள்தான் அதிகம்.

சாயங்காலம் இதை அப்பாவிடம் சொன்னேன். சொல்லிக்கொண்டே வரும்போது எனக்கே நாக்கு கொஞ்சம் தடுமாறியது. ஐம்பது வருஷம் இருந்த இடத்திலிருந்து பிடுங்கி வந்து நட்டிருப்பது செடியை மட்டுமா? அப்பா கேட்டுக்கொண்டார். எதுவும் சொல்லவில்லை. கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு, அந்தச் செடியின் அடியை மெதுவாக இழுத்துப் பார்த்தார்.

“வேர் பிடிச்சிருக்குடா. இழுத்தா வரல.”

“எத்தனை நாள் ஆகும்?” என்றார் பிறகு.

“மூணு நாலு வாரம் ஆகலாம்.”

“சரி. என்ன ஆகுதுன்னு பாத்துட்டே போறேன். புதன்கிழமை டிக்கெட்டைக் கேன்சல் பண்ணு. எவ்வளவு பிடிப்பான்?”

அந்த மூன்று வாரமும் ஹாலில் நாங்கள் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அப்பா ஒரு பழைய நோட்டை எடுத்து, கட்டம் போட்டு, தேதி, விளக்கு நேரம், தண்ணீர் அளவு, குறிப்பு என்று நாலு காலம் வரைந்தார். குறிப்புக் காலத்தில் தினமும் ‘மாற்றம் இல்லை’ என்று எழுதினார். பதினெட்டு ‘மாற்றம் இல்லை’. பத்தொன்பதாவது நாள் விடிகாலை ஐந்து மணிக்கு எங்கள் படுக்கையறைக் கதவு தட்டப்பட்டது. பதறிக்கொண்டு திறந்தேன். கையில் டார்ச்சோடு அப்பா. மணலுக்கு மேலே ஊசிமுனை அளவுக்கு, பழுப்பும் பச்சையுமாக, சுருட்டி வைத்த ஓலை மாதிரி ஒன்று. நோட்டில் அன்றைக்கு எழுதியது: ‘1 இலை. வரவு.’

இப்போது அந்தத் தொட்டிக்கு ஒன்றரை வயசு. கிரிப்ட் பக்கவாட்டில் ஓடி மூலைக்கு மூலை குட்டி போட்டிருக்கிறது. அனுபியாஸ் ஒருமுறை தண்ணீருக்குள்ளேயே பூத்தது, வெள்ளை மடலும் நடுவில் கதிருமாக. குட்டிச் சேம்புப் பூவேதான். அப்பா அபார்ட்மென்டில் எட்டுப் பேரை அழைத்து வந்து காட்டினார். மூன்றாவது மாடியில் பேச்சிலராக இருக்கும் ஒரு சாஃப்ட்வேர் பையன் ஜாவா ஃபெர்ன் குட்டி ஒன்று வாங்கிப் போனான். வாரம் ஒருமுறை அப்பா போய் இன்ஸ்பெக்ஷன் செய்துவிட்டு வருகிறார். அவன் லைட்டை ராத்திரி முழுக்க எரிய விடுகிறான் என்று புகார். அந்தப் பையன் லிஃப்டில் என்னைப் பார்த்தால், “ஸார், அங்கிள் இன்னிக்கு வருவாரா?” என்று கவலையோடு கேட்கிறான்.

போன வாரம் அப்பா கும்பகோணத்துக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னார். வீட்டு வரி கட்ட வேண்டும், கிணற்றடியைப் பார்க்க வேண்டும். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “ரிட்டர்ன் எங்கடா?” என்றார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில். கிளம்பும்போது தொட்டிக் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ‘லைட் மாலை 4 முதல் 10 வரை. தீனி ஒரு சிட்டிகை மட்டும். டைமரை யாரும் தொட வேண்டாம்.’ கீழே தேதி போட்டு, வங்கிக் கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறார். வரும்போது கொல்லைக்குப் பின்னால் இருக்கிற குளத்திலிருந்து கொஞ்சம் ஹைட்ரில்லா எடுத்து வருவதாகப் போனில் சொன்னார். அது வந்து எந்தத் தொட்டியில் இருக்கப் போகிறது என்று என் மனைவி கேட்டாள். இரண்டாவது தொட்டியில்தான். அதை எங்கே வைப்பது என்று இன்ச் டேப்போடு ஹாலை அளந்து கொண்டிருக்கிறேன்.